கையெழுத்தா, வழக்கா என்று கேட்டிருக்கும் சகோதரிக்கு

காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றில் பிறந்து, மணமாகி வேறு மாவட்டத்தில் வாழும் 51 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிச் சுருக்கம் தருகிறேன். அவருடைய தந்தை 2019-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். தாய்க்கு இப்போது 74 வயது. உடன்பிறந்தவர்கள் ஓர் அண்ணனும் ஒரு தம்பியும். தந்தை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 8 சென்ட் மனையும் அதிலுள்ள வீடும், பூர்வீகம் என்று வீட்டில் சொல்லப்படும் 3 ஏக்கர் நன்செயும் குடும்பச் சொத்து. தம்பி தாயுடன் அந்த வீட்டில் இருந்து நிலத்தைப் பயிரிடுகிறார். அண்ணன் தொழில் தொடங்க வங்கிக் கடன் கேட்டிருக்கிறார். அதற்காகத் தாயும் சகோதரியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் தயாரிக்கப்பட்டு, அடுத்த மாதம் பதிவு செய்ய நாளும் குறிக்கப்பட்டுவிட்டது.

"உனக்கு 40 பவுன் போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி என்ன பாகம்?" என்கிறார் சித்தப்பா. "நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பு" என்கிறார் கணவர். "கையெழுத்துப் போட்டுவிடு, எனக்குப் பிறகு உனக்கு அண்ணன் தம்பி வேண்டும்" என்று தாய் தொலைபேசியில் அழுகிறார். வரும் தை மாதம் சகோதரியின் மகளுக்குத் திருமணம். தாய்மாமன்கள் சீர்த்தட்டுடன் வந்து நிற்க வேண்டும். இத்தனையும் எழுதிவிட்டு அவர் இப்படி முடிக்கிறார்: "சொத்தை விட்டுக்கொடுத்து உறவைக் காப்பாற்றுவதா, உறவை முறித்துக்கொண்டு பங்கைக் கேட்பதா? இரண்டில் எது சரி என்று மட்டும் சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்டபடி இரண்டில் ஒன்றைச் சொல்ல என்னால் இயலவில்லை. காரணம், அந்த இரண்டு வழிகளையும் அமைத்தவர் நீங்கள் இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. பத்திரத்தை எழுதி நாளும் குறித்தவர்கள் கையெழுத்து என்ற வழியை உங்கள் முன் வைத்தார்கள். அதைக் கேட்டுக் கோபமடைந்த கணவர் வழக்கு என்ற வழியை வைத்தார். இரண்டு தரப்பிலும் யாரும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. "பத்திரம் எழுதுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது" என்று நடுவில் ஓரிடத்தில் எழுதிவிட்டு நீங்களும் அதைக் கடந்துபோய்விட்டீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான்.

உங்கள் கேள்வியில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. கையெழுத்தையும் உறவையும் சேர்த்து ஒரு முடிச்சு. பங்கையும் பகையையும் சேர்த்து இன்னொரு முடிச்சு. கையெழுத்துப் போட்டால் உறவு நிலைக்கும் என்பதும் பங்கு கேட்டால் உறவு முறியும் என்பதும் அனுமானங்களே. மனம் ஒப்பாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் காயத்தோடு பிறந்த வீட்டுப் படியேறி, கடைசியில் போக்குவரத்தையே நிறுத்திக்கொண்ட பெண்களை என் தொழிலில் நிறையவே சந்தித்திருக்கிறேன். பாகப்பிரிவினை செய்துகொண்டு, அதற்குப் பிறகும் மருமகளின் மணமேடையில் முறையாக நின்ற தாய்மாமன்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கையெழுத்திடுவதால் மட்டும் அது தீர்மானமாகிவிடாது என்பதைச் சொல்ல முடியும்.

உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: கையெழுத்திட மறுப்பது வேறு, வழக்குத் தொடுப்பது வேறு. அந்த நாளில் நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் சட்டப்படி எதுவும் நடந்துவிடாது. இன்று கூட்டு உரிமையாளராக இருப்பதுபோலவே மறுநாளும் இருப்பீர்கள். தம்பி நிலத்தைப் பயிரிடுவதால் உங்கள் உரிமை கரைந்துபோகாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவருடைய அனுபவம், அதாவது சொத்தைத் தம் கைவசம் வைத்திருப்பது, எல்லோருக்குமான அனுபவமாகவே கருதப்படும். உனக்கு இங்கே உரிமையே இல்லை என்று அவர் வெளிப்படையாக மறுத்து, அந்த மறுப்போடு 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால்தான் நிலைமை மாறும்.

உங்கள் பங்கு எவ்வளவு

வீட்டின் கணக்கு எளிது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். உங்கள் பாட்டி முன்பே காலமாகிவிட்டதால் பங்குகள் நான்கு. உங்களுக்கு நான்கில் ஒன்று. ஆண்மக்கள் பிரிக்காதவரை பெண்கள் குடியிருப்பு வீட்டில் பாகப்பிரிவினை கோர முடியாது என்று ஒரு விதி முன்பு இருந்தது. உங்கள் சித்தப்பா அதை நினைத்தே பேசியிருக்கலாம். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது.

நிலத்துக்குச் சற்றுப் பொறுமை வேண்டும், ஏனென்றால் பூர்வீகம் என்று வாயால் சொல்வது போதாது. தாத்தா தாமே வாங்கிய நிலமாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு உயிலின்றி இறந்து, அது உங்கள் தந்தைக்கு வந்திருந்தால், அது தந்தையின் தனிச் சொத்தாகவே கருதப்படும். வீட்டைப் போலவே நான்கில் ஒரு பங்கு, அதாவது 75 சென்ட். தாத்தாவுக்கும் முன்பிருந்தே பிரிக்கப்படாமல் வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் கணக்கு மாறும். தந்தை, அண்ணன், நீங்கள், தம்பி ஆகிய நால்வருக்கும் முதலில் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. தந்தையின் அந்தக் கால் பங்கு மறுபடியும் தாய்க்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமமாகப் பிரியும். அப்போது உங்கள் பங்கு 16-இல் 5, அதாவது ஏறத்தாழ 94 சென்ட்; தாய்க்கு 16-இல் 1. இரண்டில் எதுவானாலும் 75 சென்ட்டுக்குக் குறையாது.

1996-லேயே மணமாகிவிட்டதால் புதிய சட்டம் தமக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 25-3-1989 அன்று நடைமுறைக்கு வந்தபோது நீங்கள் மணமாகாதவர். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை உங்களுக்கு அன்றே வந்துவிட்டது. 9-9-2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டையே எடுத்துவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 11-8-2020 அன்று தெளிவாக்கியது. 20-12-2004-க்கு முன்பே பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் மட்டும் அதை இந்தச் சட்டம் தொடாது. அப்படி எதுவும் இல்லை என்கிறீர்கள். வில்லங்கச் சான்றில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

40 பவுனும் சீரும் உங்கள் வாரிசுரிமையைத் தீர்த்துவிடாது. ஆனால் இதே பத்தியில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் திருமணக் கடனை அடைப்பதற்காக அண்ணன் வளைகுடாவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் உழைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றம் பங்கைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்காது. நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். உரிமையை முழுதாகத் தெரிந்துகொண்டு, அண்ணனுடைய உழைப்பை நினைத்து அதில் ஒரு பகுதியை நீங்களாக விட்டுக்கொடுத்தால் அது உங்கள் கொடை. உனக்கு எதுவுமே இல்லை என்று சொல்லி வாங்கப்படும் கையெழுத்தில் அந்தக் கொடைக்கு இடமில்லாமல் போகிறது. கொடுத்தவர் என்ற பெயர்கூட உங்களுக்குக் கிடைப்பதில்லை.

இடையில் இருக்கும் வழிகள்

அண்ணனின் உண்மையான தேவை வங்கிக்கு ஈடாக வைக்க வில்லங்கமில்லாத ஒரு சொத்து. அதற்கு மூன்று ஏக்கரும் வீடும் ஆண்மக்கள் பெயருக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. நால்வரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொண்டால், அவரவர் பாகம் நான்கெல்லையோடு தனியாகிவிடும்; அண்ணன் தம் பாகத்தை மட்டும் ஈடு வைத்துக் கடன் பெறலாம். குடும்பத்தாருக்குள் செய்துகொள்ளும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை உச்சவரம்போடு சலுகை விகிதத்தில்தான் வசூலிக்கப்படுகிறது; செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிவிட முடியாது. அண்ணனிடம் நீங்கள் முதலில் வைக்க வேண்டிய யோசனை இது என்று நினைக்கிறேன். அவருடைய காரியத்துக்குக் குறுக்கே நிற்பவராக இல்லாமல், அதற்கு வழி சொல்பவராக நீங்கள் பேச்சைத் தொடங்க முடியும்.

பாகம் பிரிக்கும்போது எல்லாம் சம அளவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தாது. தாயும் தம்பியும் குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக நிலத்தில் சற்றுக் கூடுதலாகப் பெறலாம். அண்ணனை நினைத்து 75 சென்ட்டுக்குப் பதில் 50 சென்ட்டோடு நிறைவடையலாம். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், பங்கின் மதிப்பைப் பேசி ஒரு தொகை பெற்றுக்கொண்டு விடுதலை எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தொகை, பதிவு நாளன்று வரைவோலையாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பங்கைப் பணமாக்குவதே உங்கள் விருப்பமானால் வெளியாரிடம் போகும் முன் சகோதரர்களிடம் கேளுங்கள். வாரிசுகளில் ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால் அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

இப்போது எதையும் முடிவு செய்ய மனம் வரவில்லை என்றால், தை மாதத் திருமணம் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று அவகாசம் கேட்பதும் முறையான வழிதான். அந்த இடைவெளியில் காகிதங்களைத் திரட்டுங்கள். வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாய்ப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, தற்போதைய பட்டா ஆகியவற்றை வாங்குங்கள். நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்டு விண்ணப்பிக்கலாம். பட்டா ஒருவர் பெயரில் இருப்பதாலேயே சொத்து அவருடையதாகிவிடாது என்றாலும், எல்லோர் பெயரும் ஏறியிருந்தால் உங்களை விட்டுவிட்டு விற்பது கடினமாகும்.

பேச்சு முறிந்தாலும் அடுத்த படி உடனே வழக்கு என்று ஆகிவிடாது. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடுக்காமலேயே இரு தரப்பையும் மக்கள் நீதிமன்றத்துக்கு அழைத்துப் பேசவைப்பார்கள். அங்கே எட்டப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நடுவழி போலத் தோன்றும் ஆபத்துகள்

இரண்டில் ஒன்று என்ற நெருக்கடியிலிருந்து தப்பிக்க நினைப்பவர்கள், மூன்றாவதாக யார் எதை நீட்டினாலும் பற்றிக்கொள்வார்கள். உங்களிடமும் அப்படிச் சிலவற்றை நீட்டக்கூடும். விடுதலை வேண்டாம், பொது அதிகாரப் பத்திரம் மட்டும் எழுதிக் கொடு என்பார்கள். விற்கும் அதிகாரம் அதில் இருந்தால், உங்கள் பங்கு உங்களுக்குத் தெரியாமலே கைமாறிப் போகக்கூடும். இப்போது கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துத் தருகிறோம் என்பார்கள். விடுதலைப் பத்திரங்களில் தொகையைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வாசகம் வழக்கமாக இருக்கும். பதிவான பத்திரத்தில் அப்படி ஒப்புக்கொண்ட பிறகு, எனக்குப் பணம் வரவில்லை என்று நிரூபிப்பது மிகக் கடினம். பாகம் பிரிக்காமல் கடனுக்கு மட்டும் சேர்ந்து கையெழுத்திடச் சொன்னால், தவணை தவறும்போது உங்கள் பங்கும் ஏலத்துக்கு வரும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டில் ஒன்று என்று ஆகிவிடும் இடங்கள்

எல்லாவற்றுக்கும் நடுவழி உண்டு என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். பதிவு செய்த விடுதலைப் பத்திரத்துக்கு நடுவழி இல்லை. அதை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கப்பட்டது என்று சொல்லி ரத்துக் கோரினால், விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்து, நிரூபிக்கும் சுமையையும் நீங்களே ஏற்க வேண்டும். அம்மா அழுதார், அதனால் போட்டேன் என்பது உண்மையாகவே இருக்கும். சட்டத்தின் கண்ணில் அது வற்புறுத்தல் ஆவது அரிது. வழக்கின் தன்மை வேறு. பாகப்பிரிவினை வழக்கு நெடுங்காலம் இழுக்கும். பங்கு இவ்வளவு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பிறகும், ஆணையர் நிலத்தை அளந்து பிரித்து இறுதித் தீர்ப்பாணை வரும்வரை காத்திருக்க வேண்டும். செலவும் மனவேதனையும் உண்டு. ஆனால் அதை எந்தக் கட்டத்திலும் சமரசமாகப் பேசி முடித்துக்கொள்ள முடியும். ஆகவே, நீங்கள் எதிரெதிராக நிறுத்தியிருக்கும் இரண்டும் சம எடை கொண்டவை அல்ல: ஒன்று திருத்த முடியாதது, மற்றது திருத்தக்கூடியது. இன்றைக்குக் கையெழுத்திடாமல் இருப்பதோ எல்லாவற்றிலும் எளிதாகத் திருத்தக்கூடியது. ஐயம் இருக்கும்வரை திருத்த முடியாததைச் செய்யாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

சகோதரர்கள் உங்களை விட்டுவிட்டு முழுச் சொத்தையும் வெளியாருக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ முற்பட்டால் மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. அப்போது பாகப்பிரிவினை வழக்கோடு, சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவும் கேட்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவராவார். கூட்டு அனுபவத்தில் இருப்பவர் கேட்கும் பாகப்பிரிவினைக்கு நீதிமன்றக் கட்டணம் சொற்பம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் பங்கின் மதிப்புக்கேற்பக் கட்ட வேண்டும். அதனால் விளைச்சலில் உங்களுக்கு இதுவரை நெல் வந்திருக்கிறதா, வரி ரசீது ஏதேனும் உங்களிடம் இருக்கிறதா என்பவற்றை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாயைப் பற்றி

கடிதம் முழுவதும் உங்கள் கையெழுத்தைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதே பத்திரத்தில் 74 வயதான தாயும் தம் பங்கு முழுவதையும் விடுவதாக இருக்கிறது. அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு உங்களைவிட அவரைப் பற்றிய கவலை அதிகம். வீட்டில் அவருக்கு இருக்கும் கால் பங்கும் நிலத்தில் இருக்கும் பங்கும்தான் அவருடைய முழுச் சொத்து. அதை விட்டுக்கொடுத்துவிட்டால், மகன்களின் அன்பு ஒன்றைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இருக்காது. உங்கள் தம்பி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனாலும் அவருடைய பங்கு அவர் பெயரிலேயே இருப்பது நல்லது. யாருக்குத் தர வேண்டுமோ அவருக்கு உயில் எழுதி வைக்கலாம். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். இப்போதே எழுதிக் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று அவரே விரும்பினால், ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட வேண்டும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை எழுதப்படாவிட்டால் அந்த நிவாரணம் கிடைப்பது கடினம்.

இதைத் தொலைபேசியில் பேச வேண்டாம். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஊருக்குப் போய், இரண்டு நாள் தாயோடு தங்கி, பத்திரத்தின் வரைவை வாங்கி அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். கணவர் அந்தப் பேச்சின்போது உடன் இருக்க வேண்டியதில்லை, சித்தப்பாவும் வேண்டாம். அண்ணனிடம் பாகப்பிரிவினை யோசனையைச் சொல்லும்போது அவருடைய வளைகுடா ஆண்டுகளை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள். வரைவின் நகல் ஒன்றை, தரப்பினர் யாருக்கும் வேண்டியவராக இல்லாத வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே எந்தக் கையெழுத்தும் இருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்பதால், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்டாலே வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருவார்கள். உங்கள் ஆதார் அட்டையும் தந்தையின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும்.